நான் சென்ட்ரலிஸ்ட் அல்ல

செப். 18, வியாழன்
காலையில் தூறல். நான் யாரையும் அடக்கி ஆளவில்லை. சைனிக்புரித் தமிழ் வீடுகளில் அப்படி ஒரு பேச்சு, தவறு. நவராத்திரிக்கு என் வீட்டில் எல்லோருக்குமாக ஒரே கொலு, ஒரே அடுப்பு, முறை வைத்துச் சுண்டல். என் கணவர் இருந்த காலத்து வழக்கம். அவ்வளவுதான்.

நேற்றுக் கூட்டத்தில் புஷ்பா (அடுத்த தெரு, குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை) தெருவுக்கு ஒரு கொலு வேண்டும் என்றாள். முடியாது என்றேன். உடனே அவள்:

"மாமி சரியான சென்ட்ரலிஸ்ட்! சுண்டலுக்கு உப்புகூட தில்லிலேர்ந்துதான் வரணும்."

"ஹவ், ஹவ்!" என்று எல்லோரும் ஆமாம் போட்டு ஒரே சிரிப்பு. என் பழைய தோழி சரோஜாவும் சிரித்தாள். புஷ்பாவின் தோளில் கை வேறு.

செப். 19, வெள்ளி
அகராதி பார்த்தேன். ஆட்சி அதிகாரம் மத்திய அரசிடமே இருக்க வேண்டும் என்பவர். அரசாங்கத்துக்கான சொல். அடுப்படிக்கு அல்ல.

கான்வென்ட்டில் புதுச் சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொல்வார்கள். சரி: என் கணவர் சென்ட்ரலிஸ்ட். தார்நாகாவில் மத்திய அரசு ஆராய்ச்சிக்கூட வேலை; மாநிலங்களுக்கு எதற்கு இவ்வளவு அதிகாரம் என்பார். பள்ளிக்கூடமும் தண்ணீரும் இங்கேயே முடிவாகட்டும் என்பேன் நான். சாதம் ஆறும்வரை வாதம். எதிரில் உட்கார்ந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தவள் சரோஜா. நான் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தாள்.

வாங்க: கொண்டைக்கடலை, கற்பூரம், முழங்கால் தைலம்.

செப். 22, திங்கள்
கொலு முதல் நாள். புழுக்கம். பாதிப் பேர்தான் வந்தார்கள். சரோஜா இல்லை. பக்கத்து வீட்டு லலிதா சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே:

"சரோஜா மாமி புஷ்பா வீட்டுக் கொலுவுக்குக் கோலம் போட்டிருக்கா பாருங்கோ, தெருவையே அடைச்சு! நீங்க போய்ப் பாக்கலையா?"

"நக்கோ, வேண்டாம். வேலை இருக்கு."

முப்பது வருடம் என் வாசலில் கோலம் போட்ட கை. புஷ்பாவுக்குப் பாடவும் வராது. பட்டுப் புடவையும் பளபளப்பும். சரோஜா எதைக் கண்டு மயங்கினாள்? சுண்டல் மிஞ்சிப்போயிற்று.

செப். 23, செவ்வாய்
தெருவுக்கு ஒரு கொலு வைக்கட்டும். புஷ்பா சொன்னதில் நியாயம் உண்டு. மூட்டுவலிக்காரர்கள் என் வீடுவரை ஏன் நடக்க வேண்டும்? எல்லோரும் போகட்டும். சரோஜாவை மட்டும் விட முடியவில்லை.

போன் செய்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். காவலாளியிடம் கொடுத்தனுப்பச் சீட்டு:

"சரோஜா, வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வருகிறாயா, இல்லையா? ஒரு வரி எழுதி அனுப்பு."