மங்கலாக நிற்பவள்

பாப்பாவுக்கு,

கல்லூரிக்காக நம் வீட்டில் நீ எடுத்த குறும்படத்தை உன் அப்பாவின் போனில் பார்த்தேன். "பாத்தியா, பாப்பா உன்ன எங்க நிறுத்தி வெச்சிருக்கான்னு" என்று சிரித்துக்கொண்டே காட்டினார். பிறகு அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் திருட்டுத்தனமாக ஆறு தடவை பார்த்துவிட்டேன்.

படம் முழுக்க நீ, அப்பா, சுவரில் போட்டோவாக உன்னைப் பெற்ற அக்கா, மூவரும் ஒரே ஃப்ரேமில் இருக்கிறீர்கள். நான் மட்டும் பின்னால், சமையலறைக் கதவோரம், மங்கலாக. ஒரு வசனம் இல்லாமலே 'இவள் எங்களில் சேர்த்தி இல்லை' என்று சொல்லிவிட்டாய். கெட்டிக்காரிதான். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இரண்டாம் தடவை பார்த்ததோடு போய்விட்டது.

உன்னை விடுதியில் சேர்க்கச் சொல்லி அவரை நச்சரித்தது நான்தான். ஒருத்தியாவது வெளியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நீ விடுதிக்குக் கிளம்பிய அன்று தெருவில் நின்று எடுத்த கடைசிக் காட்சியில்தான் என் முகம் தெளிவாகத் தெரிகிறது. நான் வாசல் கதவைச் சாத்துகிறேன். பார்க்கிறவர்கள் உன்னை வெளியே தள்ளிச் சாத்துவதாகத்தான் நினைப்பார்கள்.

இஸ்திரிக்காரம்மா ஜன்னல் கம்பி வழியாகத்தான் துணி வாங்கிக்கொள்வாள். சட்டை மடிப்பில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன், அவள் தபாலில் போட்டுவிடுவாள். பதில் போடாதே.

அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பார். என் முகத்தைப் பார்க்காதே. கதவு மூடியதும், உன்னைக் கொண்டுவிட வந்த அப்பாவின் கை ஓரத்தில் வரும். பூட்டு எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்.

சித்தி