பிறை வடிவ ஓட்டை

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். எட்டு வருடமாக ஒரு வரி எழுதாதவனிடம் வேறென்ன கேட்பது? அம்மாவின் பெட்டியில் கிடந்த பழைய உறையில் உன் விலாசம் இருந்தது. வீடு மாறியிருந்தால் இதைப் பிரித்துப் படிக்கும் புண்ணியவான் மன்னிக்கட்டும்.

நீ ஊருக்கு வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போயிருக்கிறாய். மறைக்காதே, கண்டுபிடித்துவிட்டேன்.

கண்ணாடிக் கடையில் வாரம் ஆறு நாள் லென்ஸ் தேய்த்துத் தேய்த்து எனக்குத் தீராத தலைவலி. "ஞாயித்துக்கிழமையாவது வெளிக்காத்துல போய்ச் சும்மா உக்காருங்க" என்றார் டாக்டர். சும்மா உட்காருவது உனக்குக் கைவந்த கலை, எனக்கு வராது. அதனால் நேற்றுக் காலை தூண்டிலை எடுத்துக்கொண்டு பழைய கல்குவாரிக்குப் போனேன். அப்பா போய் முப்பத்தோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. தண்ணீர் அதே கறுப்பு. நாம் மூவரும் உட்காரும் அந்தத் தட்டைப் பாறையும் அப்படியே இருக்கிறது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியும் அதன் நடுவில் மட்டும் ஈரம். பஸ்ஸில் கத்துகிற மாதிரியே அப்பா நம்மிடமும் "உள்ள தள்ளி உக்காருங்க, எடம் இருக்கு" என்பாரே, அந்தப் பழக்கத்தில் நான் ஓரமாகவே உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு கெண்டை மாட்டியது. அதன் வாலில், மேல் பாதியில், பிறை வடிவில் ஒரு ஓட்டை.

டிக்கெட்டில் ஓட்டை போட ஒவ்வொரு கண்டக்டரும் வைத்திருக்கும் இடுக்கிக்கு ஒரு வடிவம் உண்டு, அப்பாவுடையது பிறை. அதை எடுத்து, பிடித்த மீனின் வாலில் ஓட்டை போட்டுத் திரும்ப விட்டுவிடுவோம். மேல் பாதி உன் மீன், கீழ்ப் பாதி என் மீன். இந்தக் கிறுக்குத்தனத்தை உலகத்தில் நம்மைத் தவிர யாரும் செய்திருக்க மாட்டார்கள். நேற்றுப் பார்த்த ஓட்டையின் ஓரம்கூட இன்னும் ஆறவில்லை. அதே மாதிரி ஒரு இடுக்கியை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறாய், கெட்டிக்காரன்தான்.

எனக்குக் கோபமில்லை. அடுத்த முறை மீனைப் பார்த்த கையோடு தங்கையையும் பார்த்துவிட்டுப் போ.

உன் தங்கை


மார்ச் 12

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. விலாசம் மாறவில்லை. அதே கட்டடம், அதே பன்னிரண்டாவது மாடி. ஊர் முழுக்க லிஃப்ட் பழுதுபார்க்கிறேன், நான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் மட்டும் மாதத்தில் பத்து நாள் படுத்துக்கொள்கிறது. அக்கம்பக்கத்தார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நான் வரவில்லை. சத்தியமாக. அம்மா சாவுக்கு வந்ததோடு சரி, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மீன் வாலை நண்டு ஏதாவது கடித்திருக்கும்.

எழுதாதது என் தப்புதான். போனில் பேசினால் சண்டை வரும், கடிதமென்றால் அடித்துத் திருத்தலாம் என்று நினைத்தேன். அடித்து அடித்துக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் குரல் அப்படியே கேட்டது.

ஒன்று மட்டும் கேள். தூண்டில் போட வேறு இடம் பார்.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நண்டாம். வாயில் பிறைநிலவு வைத்திருக்கும் நண்டு போலிருக்கிறது.

நீ பதில் போட்டாயே, அதுவே போதும். ஆனால் விஷயம் வேறு மாதிரி போகிறது, கேள். போன வாரம் பிடித்த மீனுக்கு வாலின் கீழ்ப் பாதியில் ஓட்டை. என் அடையாளம். நேற்று வந்ததற்கு மேலும் கீழும் இரண்டு. அதை வாளியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய், பூட்டிய கடையைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிறையின் ஒரு முனை மழுங்கியிருந்தது. அப்பாவின் இடுக்கி படிக்கட்டில் விழுந்து முனை உடைந்ததே, அதே முனை. பார்த்துவிட்டு மீனைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அது நேராகக் கிழக்கு மூலைக்குப் போய்த் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நின்றது. மற்ற மீன்களும் அங்கேதான், என் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றன.

இடுக்கி அங்கேதான் கிடக்கிறது அண்ணா. நான் தொலைத்த இடத்தில்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் கையிலிருந்து நழுவியதை நீதான் பார்த்தாய். நழுவியது எனக்கு ஞாபகமே இல்லை, ஞாபகம்கூட இல்லையே என்றுதான் அதிகம் அழுதேன். இடுக்கி இல்லாமல் மறுநாள் வேலைக்குப் போக முடியாதென்று அப்பா சீருடையை மடித்துப் பாறைமேல் வைத்துவிட்டு இறங்கினார். மூன்றாம் நாள் தூக்கிவந்தார்கள். அதற்குப் பிறகு அம்மா என்னிடம் ஒழுங்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கேட்டதும், "அத எங்கடி போட்ட?" என்றுதான். நீ அப்போது வாசலில் நின்றிருந்தாய்.

வரும் ஞாயிறு நானே இறங்கி அதை எடுத்துவிடப் போகிறேன். நீச்சல் தெரியாதுதான், இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வேன். சுமந்து சுமந்து எனக்கு அலுத்துவிட்டது.

உன் தங்கை


மார்ச் 27, விரைவுத் தபால்

இறங்காதே. தண்ணீருக்குள் ஒன்றும் இல்லை. உன் கையிலிருந்து எதுவும் நழுவவில்லை. இடுக்கி என்னிடம் இருக்கிறது. அன்றைக்கும் என்னிடம்தான் இருந்தது.

உன் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. என்ன அண்ணன் நான்.

மறுநாள் மீன் பிடிக்க அப்பா அதைத் தர மாட்டார் என்று சட்டைக்குள் ஒளித்துவைத்தேன். அவர் கேட்டதும் பயத்தில் "அவ தண்ணில போட்டுட்டாப்பா" என்றேன். நீ முழித்தாய், நம்பியும் விட்டாய். அப்பா பொத்தான்களைக் கழற்றும்போது இடுக்கி என் வயிற்றில் சில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது. "இந்தா இருக்குப்பா" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அடி விழுமே என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். ஒரு அடிக்குப் பயந்தேன்.

அப்புறம் சொல்ல முடியவில்லை. அம்மா உன்னை அடிக்கும்போதெல்லாம் நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. எட்டு வருடம் எழுதாததற்குக் காரணம் இதுதான்.

இத்துடன் அதை அனுப்புகிறேன். பிஸ்கட் டின்னில் துணி சுற்றி அலமாரி உச்சியில் வைத்திருந்தேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தொட்டதில்லை. இப்போது திறந்தால் துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. கூரை ஒழுகவில்லை, அலமாரியில் வேறெதுவும் நனையவில்லை. குவாரித் தண்ணீரின் வாசனை அடிக்கிறது.

தயவுசெய்து இறங்காதே.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

உன் தபால் திங்கட்கிழமை வந்தது. நான் ஞாயிறே இறங்கிவிட்டேன்.

கிழக்கு மூலையில், மார்பளவு தண்ணீரில், திடீரென்று காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பாறையில் கட்டிய முடிச்சு அவிழ்ந்து, கயிறும் என்னோடு வந்துவிட்டது. காதுக்குள் தண்ணீர் போனது, மீன்கள் உடம்பெல்லாம் உரசின. அப்போது ஒரு உள்ளங்கை என் நெஞ்சில் பட்டது. படியில் தொங்குகிறவனைத் தள்ளுகிற மாதிரி ஒரே தள்ளு. காதோரம் குரல் கேட்டது. "எடமில்ல. அடுத்த வண்டியில வா." அதே சிடுசிடுப்பு. தள்ளிய வேகத்தில் பாறையில் வந்து விழுந்தேன், முழங்கால் சிராய்த்துவிட்டது. முதலில் சிரித்தேன். அப்புறம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து எறிந்தேன்.

மறுநாள் உன் கடிதம். படித்த கையோடு ஒரு வாடிக்கையாளரின் லென்ஸை உடைத்தேன். உன்மேல் எவ்வளவு ஆத்திரம் என்று எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. முப்பத்தோரு வருடம், அண்ணா. "அது நான் இல்லம்மா" என்று இனி நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

இன்று மதியம்தான் இடுக்கியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். அதன் வாயில் ஒரு துண்டு சிக்கியிருந்தது. பிறை வடிவில், மீன் துடுப்பின் சவ்வு. காயவில்லை, ஊசியால் தொட்டால் வளைகிறது. பன்னிரண்டாவது மாடியில், டின்னுக்குள் இருந்த இடுக்கியின் வாயில்.

அப்பா அதைத் தண்ணீருக்குள் தேடிக்கொண்டிருக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. யார் ஒளித்தது என்றும் தெரிந்திருக்கும். தெரிந்தும் உன் பங்குக்கு ஒன்று, என் பங்குக்கு ஒன்று என்று ஓரவஞ்சனை இல்லாமல் ஓட்டை போட்டிருக்கிறார்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார் போலிருக்கிறது. நான் இன்னும் இல்லை.

இடுக்கி என் மேசையில் இருக்கிறது. காலையில் துடைத்தால் மாலையில் அதன் கீழே ஈரம். திருப்பி அனுப்ப மாட்டேன், தண்ணீரிலும் போட மாட்டேன். நீ வந்து உன் கையால் அப்பாவிடம் கொடு. கொடுக்கும்முன், அன்றைக்குச் சொல்லாததை அந்தப் பாறையில் நின்று வாய்விட்டுச் சொல். அவர் கேட்க வேண்டும். அவரைவிட நான் கேட்க வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு மணி. இரண்டு தூண்டில் கொண்டுவருகிறேன். நான் இந்த ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன், நீ அந்த ஓரத்துக்கு வந்துவிடு. நடுவில் ஈரமாக இருக்கும், அங்கே உட்காராதே. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும், இடம் இருக்கிறது.

உன் தங்கை