வேறு யாரும் தொட வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பிக்கொண்டு மேலே போகிறேன். மெசேஜ் அனுப்பாமல் கடிதமா என்று சிரிப்பாய். மெசேஜ் மூன்று வரிக்கு மேல் போனால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறாய். காசு கொடுத்து அஞ்சல்தலை ஒட்டி வந்ததையாவது கடைசி வரை படிப்பாய்.

நீ அனுப்பிய லேப்டாப் பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிப்பதற்குள் எதிர் வீட்டு டீச்சர் தற்செயலாக வந்துவிட்டாள். அவளுடைய தற்செயல் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகு வருவது. தம்பியா வாங்கித் தந்தான், தம்பியா வாங்கித் தந்தான் என்று நாலு தரம் கேட்டாள். நானும் நாலு தரம் ஆமாம் என்றேன். அஞ்சாம் தரம் கேட்டிருந்தாலும் எனக்குச் சலித்திருக்காது.

மூன்றாம் நாள் கோளாறு தெரிந்தது. அச்சகத்துக்காரர் ஒரு நோட்டீஸை டைப் அடிக்கக் கொடுத்திருந்தார். நான் பழைய டைப்ரைட்டர் முறையிலேயே அடிக்கிறவள் என்பது உனக்குத் தெரியும். மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளிக்கு அதில் தனிக் கட்டை. அந்த ஒரு கட்டை மட்டும் வேலை செய்யவில்லை. குத்தினேன், தடவினேன், கெஞ்சினேன். "தண்ணீர் விநியோகம் நிறுத்தம்" என்று அடித்தால் "தணணீர விநியோகம நிறுததம" என்று வந்து நின்றது. அச்சகத்துக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நோட்டீஸ் கேட்டா புள்ளியில்லாத ஓலைச்சுவடி கொண்டாந்திருக்கீங்க" என்றார். தெருவெல்லாம் என் மானம் போவதற்குள் அவரே பரிதாபப்பட்டுத் தனி கீபோர்டு ஒன்றை இரவல் தந்தார். அதை முன்னால் வைத்தால் லேப்டாப் ஒரு முழம் தள்ளிப் போய்விடுகிறது. கழுத்தை நீட்டி நீட்டி நான் கொக்கு மாதிரி ஆகிவிட்டேன்.

வந்தவர் போனவர் எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். டீச்சர், வாரண்டி இருக்கும்போது வீட்டில் கைவைத்தால் முட்டாள்தனம் என்றாள். அச்சகத்துக்காரர், ஒரு கட்டைக்காகப் போய் அலைவதா, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி ஊதினால் சரியாகிவிடும் என்றார். நான் உன் மாமாவைப் பார்த்தேன். எந்தப் பொருள் இருமினாலும் ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிற மனுஷன் ஆயிற்றே. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வாரண்டிக்கே கொடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் நீ வைத்திருந்த சீட்டை முதலில் எடுத்துப் படித்தது அவர்தான். "அக்கா, எது வந்தாலும் வாரண்டிக்குக் கொடு. வேறு யாரும் தொட வேண்டாம்." வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் வேறு யாரும் என்றால் யார் என்று கண்டுபிடிக்க டீச்சர் வரவேண்டியதில்லை. அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நீ எழுதியது தப்பென்று சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ வெளியே போயிருந்த நேரத்தில் உன் லேப்டாப்பை அவர் பிரித்ததும், உன் ஆறு மாத வேலை அதோடு போனதும், கையில் காட்ட ஒன்றும் இல்லாமல் நீ நேர்முகத் தேர்வுக்குப் போய்த் திரும்பியதும் என் கண் முன்னால் நடந்தவை. உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குன்னு என்னைக்காவது ஒத்துக்கிட்டிருக்கீங்களா மாமா என்று நீ கேட்டாய். நீ ஊரை விட்டுப் போனாய். அதற்குப் பிறகு எனக்கு மெசேஜ் வருகிறது, பார்சல் வருகிறது. அவருக்கு ஒன்றும் வருவதில்லை.

இனிமேல்தான் விஷயம். உட்கார்ந்து படி.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உன் மாமா காலை ஷிப்டுக்கு நீரேற்று நிலையம் போயிருந்தார். அவருடைய கருவிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். இத்தனை வருஷம் அவர் பிரிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பாதி மெக்கானிக் ஆகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

லேப்டாப்பைக் கவிழ்த்தேன். ஒரு ஸ்க்ரூவின் மேல் குட்டியாக ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. புதுத் தட்டில் ஒட்டிய விலைச்சீட்டை நகத்தால் சுரண்டியே பாதி ஆயுள் போனவள் நான். கண்ணாடி போடாமல், இதுவும் அந்த ஜாதிதான் என்று சுரண்டி எடுத்து, பிசுக்குப் போக எண்ணெய் வேறு தொட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். ஒன்பது ஸ்க்ரூவைக் கழற்றினேன். மூடி வரவில்லை. திரும்ப மாட்டும்போது எட்டுதான் இருந்தது. மிச்சம் ஒன்றை இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறேன். புள்ளி முன்பு போலவே விழவில்லை.

வாயைத் திறக்கவில்லை நான். மறுநாள் அவர் அரை நாள் லீவு போட்டு என்னோடு சர்வீஸ் சென்டருக்கு வந்தார். இரண்டு பஸ். வழி முழுக்க லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கவுண்டரில் இருந்த அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஸ்க்ரூ இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. அந்த ஸ்டிக்கர்தான் வாரண்டி முத்திரை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"யார் இதைப் பிரிச்சது?" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் அங்கே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

"நான்தாம்மா" என்றார்.

இனி வாரண்டி செல்லாது, இப்படி வீட்டில் கைவைத்துக் கெடுக்கிறவர்களால்தான் எங்களுக்குத் தலைவலி என்று அவள் நாலு பேர் நடுவில் சொன்னாள். சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டார். தனக்குப் பம்பு ஓட்டச் சொல்லித் தர வந்த இன்ஜினியரையே திருப்பி அனுப்பிய மனுஷன், தம்பி.

பஸ் நிறுத்தத்தில் வந்துதான் எனக்கு வாய் திறந்தது. ஏங்க அப்படிச் சொன்னீங்க என்றேன்.

"என் பேர் அவன்கிட்ட ஏற்கெனவே கெட்டதுதானே. இன்னொண்ணு சேர்ந்தா ஒண்ணும் தெரியாது. அவன் ஆசையா வாங்கி அனுப்பினதை அக்காவே கெடுத்துட்டாளேன்னு அவன் மனசுல இருக்கவேணாம். நான் பிரிச்சேன்னே எழுதிடு."

சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பிரித்தது நான். ஸ்டிக்கரைச் சுரண்டியது நான். நம்பு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்றைக்குக் கருவிப் பெட்டியை இழுத்தேன் என்று எழுதினேனே, அது லேசில் திறக்கவில்லை. மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மிக்குழவியால் இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் விட்டது. போன வருஷம் மிக்சி நின்றபோது அவர் அதைப் பையில் போட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வயசாகிவிட்டது, சோம்பல் என்று நான் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். டீச்சர் வீட்டில் இரண்டு தரம் சொன்னேன். இரண்டு வருஷமாக அவர் எதையுமே பிரிக்கவில்லை என்பது துருவைப் பார்த்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது. பக்கத்திலேயே படுத்திருக்கிறவளுக்கு இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

இப்போது லேப்டாப் மேஜை மேல் இருக்கிறது. வாரண்டி போய்விட்டது. இனி யாராவது பிரித்துத்தான் ஆகவேண்டும். நேற்றுச் சாயங்காலம் அவர் டார்ச் அடித்து, அந்தக் கட்டையின் இடுக்கில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஏதோ துணுக்கு சிக்கியிருக்கும், பத்து நிமிஷ வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படியானால் எடுத்துவிடுங்களேன் என்றேன். டார்ச்சை அணைத்துவிட்டார். மச்சான் சொல்லாமல் தொடமாட்டேன் என்றார்.

நடந்ததை மறந்துவிடு என்று நான் எழுதமாட்டேன். ஆறு மாத உழைப்பு போனது உனக்கு. ஆனால் இதைப் பிரிக்கலாமா, வேண்டாமா என்பதை மட்டும் அவரிடம் நீயே சொல். என் மூலம் சொல்லி அனுப்பாதே; ஸ்டிக்கர் சுரண்டியவள் பேச்சுக்கு இந்த வீட்டில் இப்போது மதிப்பில்லை. வேண்டாம் என்றாலும் சரி, அதையும் அவரிடமே சொல்.

நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். உன் நம்பரைப் பார்த்தால் உடனே எடுக்கமாட்டார். கண்ணாடியைத் தேடுவார், தொண்டையைச் செருமிக்கொள்வார், சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார், நேரமாகும். நீ நன்றாக இருக்கவேண்டும், ராஜா. மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும். வைத்துவிடாதே.

இப்படிக்கு,
கை சும்மா இராத உன் அக்கா