ரேவதியின் முழங்கால்

கெடிலம் ஆற்றுத் தண்ணீர் மைதானத்துக்குள் புகுந்த வருஷம், மார்கழி, வெள்ளிக்கிழமை. எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசினால் அது எழுதிக்கொள்கிறது.

கடலூரில் ரக்பி ஆடும் பெண்கள் எடை தூக்கும் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். யார் எவ்வளவு தூக்கினாள், மறுநாள் யாருக்கு எங்கே வலி, எல்லாம் எனக்கு மனப்பாடம். சிதம்பரத்திலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரர் வாரம் தவறாமல் அதைக் கேட்டு எழுதிக்கொள்வார்.

"உடம்பு எத்தினி நாள்ல தேறுதுன்னு பாக்கத்தான் பெரியவரே. பேரு வெளிய போவாது" என்றார். அதை நம்பித்தான், அந்தப் பெண்களில் ஒருத்தியான ரேவதி யாருக்கும் தெரியாமல் முழங்காலுக்கு ஐஸ் வைப்பதையும் சொன்னேன்.

இன்று இந்தியா டீம் முகாமுக்கான பட்டியல் வந்தது. ரேவதி பேர் இல்லை. கோச் சொன்ன காரணம் முழங்கால்.

"உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும் தாத்தா" என்றாள். அழவில்லை. தூக்கிய எடைத் தட்டுகளைத் தானே கழற்றி அடுக்கிவிட்டுப் போனாள். தினமும் அதை அடுக்குவது நான்.

ஆராய்ச்சிக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "கோச் கேட்டாரு, நோட்ட காட்டுனேன். அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தானே?" என்கிறார். என் வாயைப் பிடுங்கியதும் நல்லதுக்குத்தானா?

கபடி ஆடிய காலத்தில் தோள்மூட்டு விலகியதை மறைத்து ஒரு சீசன் முழுக்க ஆடினேன். கூட ஆடிய ஆறு பேருக்கும் தெரியும். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. அந்த ஆறு பேரில் இன்று உயிரோடு இருப்பது சேத்தியாத்தோப்பு காசிநாதன் மட்டும்தான். நான் வாய் திறந்ததை அவனிடம் எப்படிச் சொல்வேன்?