என் முகவரியில் குடியேற்றப்பட்ட ஹட்சுனோவை வெளியேற்றுவது பற்றி

அனுப்புநர்:
குரேபயாஷி சுமியே (வயது 64),
உரிமையாளர், குரேபயாஷி பொதுக் குளியலகம்,
கீழ்க்கரைத் தெரு, மினோசே.

பெறுநர்:
மேயர் அவர்கள்,
நகர அலுவலகம், மினோசே.

பொருள்: என்னைக் கேட்காமல் என் வீட்டில் ஒரு படக்கதைப் பெண்ணைக் குடியேற்றியது, என் வாக்கியத்தை வேறொருவர் பெயரில் கல்லில் வெட்டவிருப்பது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய மேயர் ஐயா,

1. நான் பிறந்தது முதல் மேற்படி முகவரியில்தான் வசிக்கிறேன். இதுவரை தங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை. சென்ற மாதம் தங்கள் அலுவலகம் என் வீட்டுக்குப் புதிதாக ஒரு குடியாளரைச் சேர்த்திருக்கிறது. பெயர் ஹட்சுனோ, வயது பதினேழு. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயர். இந்தச் சிறப்புக் குடியிருப்புச் சான்றிதழ் சுற்றுலா வருகிறவர்களுக்கெல்லாம் நகலெடுத்துத் தரப்படுகிறது.

விசாரிக்க வந்தபோது பதிவுப் பிரிவுப் பெண், "அம்மா, அது சும்மா நினைவுக்குக் குடுக்குறதும்மா. அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு, அதான் உங்க பேரப் போட்டுட்டோம்" என்றார். என் கணவர் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. அந்தக் கட்டம் எப்படிக் காலியானது என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

2. தங்கள் அலுவலகத்தில் இளையவர்கள் பலர் படித்திருக்க மாட்டார்கள் என்பதால் அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஹட்சுனோவின் குளியலகம்' வார இதழில் பதினொரு ஆண்டுகள் வந்தது, முப்பத்துநான்கு தொகுதிகள். பிறகு ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியிலும் ஓடியது. அந்த அரைமணி நேரம் எங்கள் குளியலகத்துக்கு ஈ காக்கை வராது. குளியலகத்தில் காசு வாங்கும் மேடையில் உட்கார்ந்திருக்கும் வாயாடிப் பெண் ஹட்சுனோ. தினமும் குளிக்க வரும் ஷுன்சாகு அவளிடம் காதலைச் சொல்லத் தைரியமில்லாத அசடு. பதற்றத்தில் நீலத் திரைக்குப் பதில் சிவப்புத் திரையை விலக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் நுழைந்துவிடுவான். அவள் மரவாளியை வீசுவாள். ஒருமுறைகூட அவன்மேல் படாது. இடையில் வெளியூர் போகும் அவன் கடைசித் தொகுதியில் ஊர் திரும்பி அவளைக் கட்டிக்கொள்கிறான். நல்ல கதைதான் ஐயா. முப்பத்துநான்கும் என்னிடம் இருக்கின்றன, வாய்விட்டுச் சிரித்துத்தான் படித்தேன். அதுதான் எனக்கு அதிக வயிற்றெரிச்சல்.

3. இனி நடந்தது. இதை வரைந்த நுகாதா தெப்பேய் அவர்கள் எங்கள் தெரு அரிசிக்கடைக்காரர் மகன். 1978 இலையுதிர் காலத்தில் தாம் டோக்கியோ போவதாக என் மேடைக்கு முன் நின்று சொன்னார். "யூசுக் குளியலுக்குத் திரும்பி வந்துருவேன் சுமியே, நீ அழாத" என்றார். நான் அழவில்லை, வாளியை வீசினேன். அது பட்டது. இடது புருவத்தில் இரண்டு தையல். அவர் எல்லாப் புகைப்படத்திலும் தொப்பியை இறக்கிப் போட்டுக்கொள்வது கலைஞர் என்பதால் அல்ல.

4. அந்த டிசம்பரில், குளிர்கால நீள் இரவு நாளன்று வழக்கம்போல் தொட்டியில் மணக்கும் யூசு நாரத்தம்பழங்களை மிதக்கவிட்டோம். அவர் வரவில்லை. அவருக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். மூன்றாவது கடிதத்தில், "வெந்நீர் இன்னும் ஆறவில்லை, வந்துவிடு" என்று எழுதியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மூன்றாம் வருடம் பல் மருத்துவர் வீட்டில் காத்திருந்தபோது வார இதழைப் புரட்டினேன். ஹட்சுனோவின் வாயருகே அதே வாக்கியம், ஓர் எழுத்து மாறாமல். அன்று பல் பிடுங்கிய வலி எனக்குத் தெரியவே இல்லை. பிறகு மற்ற எட்டுக் கடிதங்களும் அந்த இதழிலேயே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, எல்லாம் அவள் பேசியதாக.

5. நான் கொதிகலன் பார்க்க வந்த தோமெகிச்சியை மணந்தேன். முப்பத்தொன்பது வருடம் தண்ணீரை நாற்பத்திரண்டு டிகிரிக்குக் கூடவும் குறையவும் விடாமல் காத்த மனிதர். ரசிகர்கள் வருவார்கள். "ஹட்சுனோ பாட்டி, ஒரே ஒரு தடவ வாளிய வீசுங்களேன்!" என்பார்கள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் கணவரிடம், "தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோல விழுறீங்க" என்பார்கள். அவரும் சிரித்தபடி தள்ளி நிற்பார். தம் வீட்டு வாசலில் தள்ளி நின்றே அவர் காலம் போய்விட்டது. இதை நான் மன்னிப்பதாக இல்லை.

6. வரும் டிசம்பர் 21, அதே நீள் இரவு நாளன்று ரயில் நிலையத்தின் முன் ஹட்சுனோவின் வெண்கலச் சிலை திறக்கப்படுகிறது. பீடத்தில் "வெந்நீர் இன்னும் ஆறவில்லை – நுகாதா தெப்பேய்" என்று பொறிக்கப்படும் என்றும், மாலை நான்கு மணிக்கு அவர் குரேபயாஷி குளியலகத்தில் யூசுக் குளியல் எடுப்பார் என்றும் நிகழ்ச்சி நிரலில் கண்டேன். தெரு முழுக்க ஒட்டியிருப்பதால்தான் கண்டேன். எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

7. ஆகவே என் கோரிக்கைகள். பீடத்தில் அந்த வாக்கியத்தின்கீழ் என் பெயர் இருக்க வேண்டும். என் ஒன்பது கடிதங்களும் திருப்பித் தரப்பட வேண்டும். தருவதற்கு முன் மூன்றாவதை நுகாதா அவர்களே சிலை திறப்பு மேடையில், தொப்பியைக் கழற்றிவிட்டு, உரக்கப் படிக்க வேண்டும்.

8. இவை நடக்காவிட்டால், குடும்பத் தலைவர் தம் வீட்டில் உள்ளவருக்காகக் குடிபெயர்வு அறிவிப்புத் தரலாம் என்ற விதிப்படி, இத்துடன் இணைத்துள்ள பூர்த்தி செய்த படிவத்தைப் பதிவு செய்துகொள்ளவும். குடிபெயர்பவர்: ஹட்சுனோ. புதிய முகவரி: டோக்கியோவில் நுகாதா அவர்களின் இல்லம். காரணம் என்ற கட்டத்தில், "நாற்பத்தாறு வருடம் காத்திருந்தாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறேன். நுகாதா அவர்களின் மனைவிக்கும் பத்திரிகைகளுக்கும் நகல்கள் உறையிலிட்டுத் தயாராக உள்ளன. ஊரைவிட்டுப் போன பெண்ணுக்கு ஊர் நடுவில் சிலை வைப்பதா என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

9. நுகாதா அவர்கள் குளிக்க வருவதில் மட்டும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எது எப்படி ஆனாலும் கட்டாயம் அனுப்பி வைக்கவும். கணவர் போனபின் கொதிகலனை நானே பார்க்கிறேன். நாற்பத்திரண்டு டிகிரி என்பது அவருடைய கணக்கு, என்னுடையது அல்ல. வெந்நீர் இன்னும் ஆறவில்லை என்று நான் சொன்னதாக நுகாதா அவர்களிடம் தெரிவித்துவிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மினோசே
நாள்: 18 நவம்பர் 2024

இப்படிக்கு,
குரேபயாஷி சுமியே
(ஹட்சுனோ அல்ல)

இணைப்பு: குடிபெயர்வு அறிவிப்புப் படிவம் – 1