பலூடாவை எந்தப் பிரிவில் சேர்ப்பது

அன்றைக்கு நீ போட்ட பின்னல்கள் ஒவ்வொன்றாக வழுக்கி அவிழ்ந்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. குதிரையின் கழுத்தருகே பெட்டிமேல் ஏறி நின்று, ஊசியைப் பல்லில் கடித்தபடி நீ கண் கலங்கிக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் சொல்லக்கூடிய பேச்சாக அது இல்லை.

இன்று காலை க்யிம்யிண்டைங் சந்தைக்கு ரவிக்கை நூல் வாங்கப் போனேன். கடைக்கார அம்மா பழுப்பிலேயே நான்கைந்து உருண்டைகளை எடுத்து வைத்து, "எதோட சேரணும்?" என்று கேட்டாள். "குதிரை முடியோட" என்று வாய்வரை வந்துவிட்டது. நீயாக இருந்தால் சொல்லியே இருப்பாய், அவளையும் சிரிக்க வைத்திருப்பாய். நான் துணியைக் காட்டி நூலை வாங்கிக்கொண்டு, படகுத்துறை வரைக்கும் காரணமில்லாமல் நடந்தேன்.

பலூடாவின் அப்பா ஷான் மலைக் குதிரை. அம்மா பந்தயத்தில் ஓடி ஓய்ந்த வெளிநாட்டுக் குதிரை. அம்மாவிடமிருந்து மெல்லிய முகமும் பெரிய கண்களும் வந்தன. அப்பாவிடமிருந்து குட்டைக் கால்களும் பீப்பாய் வயிறும். பழுப்பு உடம்பில் அங்கங்கே வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் குதிரைகளைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுச் சவாரி பழகிய அந்த லாயத்தின் சொந்தக்காரர் பாய், அவனை முதல்முறை நமக்குக் காட்டியபோது, "மேல பார்த்தா ஐஸ்கிரீம், கீழ பார்த்தா சேமியா. இதைக் குதிரைன்னு சொல்றதா, பலூடான்னு சொல்றதா?" என்றார். நீ அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டாய். லாயத்து ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறு: கப்யா. கலப்பில் பிறந்தவர்களுக்குப் பர்மியர் சொல்லும் சொல். அது காதில் விழும்போதெல்லாம் நீ திரும்பி, "கூப்பிட்டீங்களா?" என்பாய். அவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

உன் அப்பா தமிழர், அம்மா பர்மியர். கோயிலில் பிரசாதம் கொடுக்கும் அக்கா என்னிடம் தமிழில் பேசுவாள், அடுத்து நிற்கும் உன்னிடம் பர்மிய மொழிக்கு மாறிவிடுவாள். "அக்கா, எனக்கும் பொங்கலைத் தமிழ்லயே போடுங்க" என்று நீ கையை நீட்டுவாய். வரிசையே சிரிக்கும். வீடு திரும்பும் வழியில்தான், "அங்க போனா இவங்க ஆளு, இங்க வந்தா அவங்க ஆளு" என்பாய். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாய்.

அந்த வருஷக் குதிரைக் காட்சிக்கு முன்பு பாய் நம்மைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒரு பரிசு ரிப்பன் வாங்கிட்டான்னா, பிள்ளைங்க பழகுற குதிரையா வச்சுக்கிறேன். பேர் வாங்காத குதிரைமேல எந்தம்மா பிள்ளைய ஏத்துவா? இல்லேன்னா வண்டிக்காரன் ஒருத்தன் கேட்டுட்டுப் போயிருக்கான்." சுமைவண்டியில் பூட்டிய குதிரைகளின் முதுகுப் புண்களை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். நீ பலூடாவின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாய்.

நான் வழக்கம்போலக் காட்சியின் விதிகளைப் படிக்க உட்கார்ந்தேன். மலைக் குதிரைப் பிரிவில் தாய் தகப்பன் இரண்டும் மலைக் குதிரையாக இருக்க வேண்டும். அந்தக் கதவு சாத்தியாயிற்று. சவாரிக் குதிரைப் பிரிவில் அழகும் நடையும் பார்ப்பார்கள். பிடரி மயிரை இறுக்கமான சிறு பின்னல்களாகச் சுருட்டித் தைக்க வேண்டும், கணுக்கால் முடியைக் கத்தரிக்க வேண்டும், கடிவாளத் தோல் மெல்லியதாகப் பளபளக்க வேண்டும். மூன்றாவது, வேலைக் குதிரைப் பிரிவு. வாயிற்கதவைத் திறந்து நுழைவது, மரக்கட்டையைத் தாண்டுவது, தரையில் விரித்த பிளாஸ்டிக் தாள்மேல் நடப்பது. அதற்குத் தினசரிச் சேணமும் கடிவாளமும் போதும், பிடரி சுத்தமாகத் தொங்கினால் போதும்.

"வேலைப் பிரிவுல போடலாம்டி. இவன் எதுக்கும் மிரள மாட்டான்."

"ஏன், அழகா இல்லையா?"

"அழகுதான். ஆனா அங்க எல்லாம் நெட்டைக் காலோட வந்து நிக்கும். இவன் நடுவுல நின்னா..."

"நின்னா என்ன? அம்மா வழி ஆளுங்களோட அவன் நிக்கக் கூடாதா?"

அதற்குமேல் நான் வாதாடவில்லை. நீ குதிரைக்காக மட்டும் கேட்கவில்லை என்று தெரிந்தது. சவாரிப் பிரிவில் பெயர் கொடுத்தோம்.

முந்தின நாள் அவனைக் குளிப்பாட்டினோம். கணுக்கால் முடியைக் கத்தரித்தோம். இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் வெந்துபோகும் என்று, கன்னத்தில் நீ பூசிக்கொள்ளும் தனாக்கா மரப்பட்டையை அரைத்து அவன் மூக்கிலும் தடவினாய். நான் சேணத்தைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தபோது, பிடரி முழுவதும் தேங்காய் எண்ணெய் மின்னியது.

"தலைக்கு எண்ணெய் வைக்காம நாலு பேர் முன்னாடி அனுப்புவாங்களாடி?"

நியாயமாகத்தான் பட்டது. நான் படித்த எதிலும் தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியவர்கள் நம் வீடுகளில் தலைவாரி வளர்ந்தவர்கள் அல்லவே.

மறுநாள் காலை மைதானத்து மரநிழலில் ஒரு பின்னலைச் சுருட்டித் தைத்து நீ அடுத்ததற்குப் போவதற்குள் முந்தையது நழுவும். நூல் நின்றது, மயிர் நிற்கவில்லை. முகப்பவுடரைக் கொட்டிப் பார்த்தாய். அது பிசுக்கில் திரண்டு கட்டி கட்டியாயிற்று. பாய் வந்து பார்த்து, "என்னம்மா, மாப்பிள்ளை எண்ணெய்க் குளியல்ல பாதியில எழுந்து வந்த மாதிரி நிக்கிறாரு?" என்றார். எப்போதும் திருப்பிக் கொடுக்கும் நீ அவர் பக்கம் திரும்பாமல் இன்னொரு பின்னலைச் சுருட்டினாய். அவர் சங்கடப்பட்டு நகர்ந்துபோனார்.

"இப்ப என்னடி செய்யிறது?"

"முதல் பிரிவு உள்ள போறவரைக்கும் வேற பிரிவுக்கு மாத்திக்கலாமாம்."

நீ என்னையே பார்த்தாய். "முதல்லயே சொன்னேன்னு சொல்லிக் காட்டு. பரவாயில்ல."

"சொல்லிக் காட்டலை. சீப்பைக் குடு."

மீதிப் பின்னல்களை நீயே அவிழ்த்தாய். பவுடர் கட்டிகளை நான் வாரி எடுத்து, பிடரியை ஒரு பக்கமாக வழித்துவிட்டேன். மெல்லிய கடிவாளத்தைக் கழற்றித் தினசரிக் கடிவாளத்தை மாட்டினோம். பெயர் பதியும் மேசையில் இருந்த அம்மாளிடம் போய்ப் பிரிவை மாற்றி எழுதச் சொன்னதும் நீதான். போகும்போது உன் முதுகு நிமிர்ந்தே இருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உனக்கும் பலூடாவுக்கும் முன்னால் போன உயரமான குதிரை நீல பிளாஸ்டிக் தாளைக் கண்டதும் நட்டுவைத்தது போல் நின்றுவிட்டது. பலூடா தலையைத் தாழ்த்தி முகர்ந்தான். பிறகு மழைநாள் சந்தையில் சேறு மிதிக்கும் கிழவியைப் போல, காலைப் பார்த்துப் பார்த்து வைத்துக் கடந்துவிட்டான். நடுவர் ஒரு வயதான பர்மியர். கிட்டே வந்து, இது என்ன இனம் என்று கேட்டார். மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றின்மேல் சாய்ந்து நான் காதைக் கொடுத்தேன்.

"கப்யா, ஊலே" என்றாய் அவரிடம், மாமாவிடம் பேசுவதைப் போல. "என்னை மாதிரியே."

அவர் உன்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். அவன் மூக்கைச் சுட்டி, "தனாக்கா யார் பூசினது?"

"அது அம்மா வழி. எண்ணெய் அப்பா வழி."

பிடரியைத் தொட்டுப் பார்த்து விரலைத் துடைத்துக்கொண்டே அவர் சிரித்த சிரிப்பு கயிறுவரை கேட்டது. "கௌங்டே, கௌங்டே", நல்லாயிருக்கு என்று தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். மூன்றாம் இடத்து ரிப்பன் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது, "அந்த நெட்டைக்கால் வரிசையில நிக்கலியேன்னு இருக்கு. கொஞ்சம்தான்" என்றாய். அப்போதாவது என் சந்தோஷத்தைச் சொல்லியிருக்கலாம். அவன் யார் பிள்ளை என்பதை விட்டு, அவன் என்ன செய்வான் என்பதைப் பார்க்கும் இடத்துக்கு நீங்கள் இருவரும் போனீர்கள் என்ற சந்தோஷம் அது. ஆனால் உன் 'கொஞ்சம்தான்' எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கத்தை உனக்கு விட்டுக்கொடுத்தேன்.

பாய் பலூடாவை விற்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன் அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்தார். உன் அம்மா பிக்குகளுக்குச் சோறு படைத்தார். இரண்டு இடத்திலும் நான் இருந்தேன். சனிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகள் பலூடாமேல் ஏறிப் பழகுகிறார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பது நான். பயந்தால் பிடரியைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறேன். சின்னக் கைகளுக்கு எட்ட வேண்டும் என்று அதை நீளமாகவே விட்டிருக்கிறோம்.