வயிற்றில் கட்டியிருப்பது

மார்ச் 4
என் வயிறு தனி ராஜ்ஜியமாகிவிட்டது. கை கால் குச்சி, தொப்பை மட்டும் முரசு. சாயங்காலமானால் வரி வசூலிக்க வருகிறவன் மாதிரி ஜுரம். "ஏழாவது மாசமா மாமா?" என்கிறாள் தங்கை மகள். குடும்பத்தில் வாய் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 6
ஸ்கேன். தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு ஏரியைக் காலி செய்துவிட்டுப் போனேன். ஸ்கேன் டாக்டரம்மா ஜெல் தடவி, "சிரிக்க வைக்காதீங்க சார், கை ஆடுது" என்றார். கருவி தொப்புளைத் தாண்டியதும் பேச்சு நின்றது. அப்புறம் ஒரு வார்த்தை இல்லை.
வெளியே வந்தபின், தங்கை மகளிடம் அவர் சொன்னது கதவிடுக்கில் கேட்டது: "...கட்டி இருக்கு."

மார்ச் 7
கட்டி.

மார்ச் 8
"என்னடி சொன்னாங்க?"
"ஒண்ணுமில்ல மாமா. சி.டி. எடுக்கணுமாம்."
ஒண்ணுமில்லாததற்கு எதற்கு இன்னொரு படம்?

மார்ச் 11
ராட்சச வளையம் ஒன்று என்னை விழுங்கித் துப்பியது. பிறகு வயிற்று டாக்டரின் அறை. அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்: "கட்டி எவ்ளோ பெருசு?"
"எந்தக் கட்டி?"
தங்கை மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ மாமா! நீர் கட்டியிருக்கு, நெறி கட்டியிருக்குன்னுதான் சொன்னாங்க!"
தமிழே, உனக்கு நான் என்ன துரோகம் செய்தேன்?
டாக்டர் சிரிக்கவில்லை. குடலை மூடியிருக்கும் சவ்வு தடித்திருக்கிறதாம். "டி.பி.யா இருக்கலாம். புற்றுநோயும் படத்துல இதே மாதிரி தெரியும். ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசி விட்டு, துளி சதை எடுத்துப் பாத்துடலாம்."
எனக்கு இருமலே கிடையாதே! நெஞ்சுப் படம் பளிச்சென்று இருக்கிறதே! டி.பி. எந்தச் சந்து வழியாக வயிற்றுக்குப் போனது? போகட்டும் — அதுவாகவே இருக்கட்டும் என்று ஏங்குகிறேனே, எனக்குப் பைத்தியமா?

மார்ச் 13
ஊசி. ஜோக் எதுவும் வரவில்லை.

மார்ச் 21
ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை மகள் போனில் கத்துகிறாள்: "மாமா, டி.பி.! டி.பி.தான் மாமா!" பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி. நான் சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை.

மார்ச் 23
மாத்திரை ஆரம்பம். சிறுநீர் ஆரஞ்சு! கதை முடிந்தது என்று டாக்டருக்கு போன் போட்டேன். "மாத்திரைக் கலர்தான். போனை வைங்க."

செப்டம்பர் 26
மாத்திரை முடிந்து மறுபடி ஸ்கேன். அதே டாக்டரம்மா. அவர் வீட்டுப் பூனை சோபாவைக் கிழித்த கதை. கருவி தொப்புளைத் தாண்டியது. பூனை திரைச்சீலையில் ஏறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தம்மாவுக்கு வேலையில் கவனமே இல்லையா?
படி இறங்கும்போதுதான் உறைத்தது: இந்தத் தடவை பேச்சு நிற்கவேயில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
"என்ன மாமா சொன்னாங்க?"
"பூனை நல்லா இருக்காம்."